பல்லை எண்ணாத சிக்கந்தர்

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக நிற்கும் சந்தொன்றில், ஏழாவது கடைக்குச் சொந்தக்காரரான சிக்கந்தர் அவர்களைப் பொறுத்தவரை இவ்வுலகில் மனிதர்கள் இரண்டே வகை. ஒரு கியர் பாக்ஸைக் கண்டதும் அது இன்ன வண்டியினுடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் முதல் வகை. எஞ்சிய மக்கள்தொகை இரண்டாம் வகை. முதல் வகையில் அவர் ஒருவரே இருந்தார்.

இரண்டாம் வகையினர் நாள்தோறும் சாக்குப் பையில் எதையாவது சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் வருவார்கள். ஊட்டியில் ஏதோ ஒரு பங்களாவின் குதிரைக் கொட்டடியில் கிடந்தது என்பார்கள். வால்பாறையில் ஒரு துரை லண்டன் திரும்பும்போது விட்டுச்சென்ற ஸ்போர்ட்ஸ் காரினுடையது என்பார்கள். கதை முடியும்வரை சிக்கந்தர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். பிறகு, நாற்காலியை விட்டு எழாமலேயே, செருப்பு நுனியால் அந்த இரும்பை ஒரு தட்டுத் தட்டுவார்.

"துரையும் இல்ல, குதிரையும் இல்லீங்க. இது ஸ்டாண்டர்டு வேனு. கருவாடு ஏத்துன வண்டி. வேணும்னா மோந்து பாருங்க."

உண்மையிலேயே மோந்து பார்த்தவர்களும் உண்டு.

எண்ணெய் அளக்கும் கம்பி எந்தப் பக்கம் செருகியிருக்கிறது, வார்ப்பின் விளிம்பு எவ்வாறு மடிந்திருக்கிறது, இரும்பா அலுமினியமா என்பதையெல்லாம் அவருடைய கண் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளும். மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்ப்பதை, தம் கண்ணின் மீதே நம்பிக்கையற்றவர்கள் செய்யும் வேலையாக அவர் கருதினார். "பல்லை எண்ணறதுக்கு இது என்னங்க மாட்டுச் சந்தையா?" என்னும் அவருடைய வாக்கியம் அந்தச் சந்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

தம் கையால் பூட்டி மூடிய ஒவ்வொரு கியர் பாக்ஸின் அடிப்புறத்திலும் அவர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பி ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டி, முக்கோணமாக மூன்று புள்ளிகள் இடுவார். வேறு எவனோ கெடுத்த பெட்டியைத் தூக்கிவந்து "நீங்க பூட்டுனதுதான்" என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மூன்று புள்ளிகள் இருந்தால் சிக்கந்தர் கை பட்டது. சிக்கந்தர் கை பட்டால் தவறு இராது. நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாம் பிழையாகச் சொன்னதில்லை என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மாநகரின் பழங்கார்க் கழகத்தார் இத்தனை காலமும் அவரைத் தம் கார் கொட்டகைகளின் பின்வாசல் வழியாகவே அழைத்து, காகிதக் குவளையில் தேநீர் தந்து, கேட்டறிந்துகொண்டு அனுப்பிவைத்தனர். இந்த ஆண்டுதான் கழகத்தாருக்கு ஞானம் பிறந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்த பழங்கார் அணிவகுப்பில், மேடையேற்றி, மாலையிட்டு, கழகத்தின் உதிரிபாக நடுவராக அவரை அறிவிப்பதென்று தீர்மானித்திருந்தார்கள். "மாலையும் மண்ணாங்கட்டியும்" என்று சந்தில் எல்லோரிடமும் சலித்துக்கொண்டார் சிக்கந்தர். கோட்டைமேட்டுத் தையற்காரரிடம் புதிய சட்டைக்கு அளவு கொடுத்ததை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

அணிவகுப்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, கழகச் செயலாளர் மதன்குமார் பந்தயச்சாலைப் பகுதியிலுள்ள தம் வீட்டுக்கு அவரை அழைத்திருந்தார். மதன்குமாருக்கு நூற்பாலை ஒன்றும், சிவப்பு நிறத்தில் எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் ஆங்கிலேயக் கார் ஒன்றும் பரம்பரையாக வந்திருந்தன. அவர் அதிகம் பேசியது காரைப் பற்றித்தான். தாத்தா வாங்கிய நாளிலிருந்து ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை என்பது அவருடைய பேச்சின் தொடக்கம். மூன்றாவது கியரில் அந்த வண்டி எழுப்பும் ஓசையை வாயாலேயே செய்துகாட்டுவது அதன் முடிவு.

கிளட்ச் மாற்றுவதற்காகக் கழற்றப்பட்ட கியர் பாக்ஸ் மேசைமேல் விரித்த போர்வையில் வீற்றிருந்தது. பக்கத்தில், வெண்ணிறப் பருத்திக் கையுறை அணிந்த ஜெரோம் என்பவர் நின்றிருந்தார். அசல் பாகங்களைப் பரிசோதித்துச் சான்றளிப்பதற்காகப் பெங்களூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். கையுறையைக் கண்ட மாத்திரத்திலேயே சிக்கந்தர் அவரை இரண்டாம் வகையின் கடைசி வரிசையில் அமர்த்திவிட்டார்.

"வாங்க பாய்," என்றார் மதன்குமார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானுங்க. நீங்க பாத்து சரின்னுட்டா, சார் கையெழுத்துப் போட்டுருவாரு."

சிக்கந்தர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "எம்.ஜி.ஏ. அம்பத்தேழு மாடல். அச்சு அசல். டீ சொல்லுங்க தம்பி."

"உள்ளே பார்க்க வேண்டாமா சார்?" என்று கேட்டார் ஜெரோம்.

"பொண்ணு பாக்கப் போற ஊட்டுல எக்ஸ்ரே எடுத்துப் பாப்பீங்களா சார்?"

மதன்குமார் சிரித்தார். ஜெரோம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, கியர் பாக்ஸின் பின்தண்டு முடிகிற வட்டத் தகட்டில் உச்சியை நோக்கி ஒரு கோடு போட்டார். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடம். கியரை மூன்றாவதில் போட்டார்.

"எஞ்சின் பக்கத்துத் தண்டை மூன்று சுற்று சுற்றுகிறேன். எம்.ஜி. சக்கரமாக இருந்தால் பின்தண்டு இரண்டு சுற்று முடித்து, கொஞ்சம் தாண்டிப் போகும். கோடு இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அம்பாசிடர் சக்கரமாக இருந்தால் சரியாக இரண்டே சுற்று. கோடு பன்னிரண்டிலேயே வந்து நிற்கும்."

"அம்பாசிடரா!" என்றார் மதன்குமார், சோற்றில் பல்லியைக் கண்டவர்போல.

"இரண்டும் ஒரே இங்கிலாந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் சார். உள்ளே சக்கரங்களை மாற்றிப் போட்டாலும் உட்கார்ந்துவிடும்."

ஜெரோம் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. வெள்ளைக்கோடு இரண்டு முறை வலம்வந்து, பன்னிரண்டில், மயிரிழை பிசகாமல் நின்றது. மறுபடியும் சுற்றினார். மறுபடியும் பன்னிரண்டு.

மதன்குமார் குனிந்து கோட்டைப் பார்த்தார். "அப்ப... இத்தனை வருசமா மூணாவது கியர்ல நான் கேட்ட சத்தம்?"

சிக்கந்தருக்குத் தாம் சற்றுமுன் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆயினும், தாம் சொன்னது வெளிக்கூட்டைப் பற்றி. கூட்டுக்குள் எந்தத் திருடன் எதை வைத்தான் என்பதற்குத் தாம் எவ்வாறு பொறுப்பாக முடியும்? இந்த எண்ணம் தோன்றிய அளவில் அவருக்கு மிகுந்த உற்சாகம் பிறந்தது.

"டாக்சி சத்தமுங்க தம்பி. காந்திபுரம் ஸ்டேண்டுல போயி நின்னிருந்தா ஓசியிலயே கேட்டிருக்கலாம்."

"பாய்!"

"உங்களைச் சொல்லலீங்க. இதைப் பூட்டுனவனைச் சொல்லோணும். எம்.ஜி. சக்கரத்துக்கும் அம்பாசிடர் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில ஸ்பேனரைக் கொடுத்தது எவன்? அவனுக்கெல்லாம் பரோட்டாக் கடைதான் லாயக்கு. அங்கயும் கல்லுக்கிட்ட உடக்கூடாது, மாவு பெசையத்தான் உடோணும். கண்ணு முகத்துல இருந்துச்சா முழங்கால்ல இருந்துச்சான்னு கேளுங்க. எழுதிக்குங்க சார், எழுதிக்குங்க!"

ஜெரோம் பணிவுள்ளவர். 'தகுதியற்ற நபரால் பூட்டப்பட்டது' என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வார்ப்பு எண்ணைப் பார்ப்பதற்காகப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அடிப்புறத்து அழுக்கைத் துடைத்தார். துடைத்த கை நின்றது.

"இது என்ன அடையாளம்? முக்கோணமாக மூன்று புள்ளிகள்?"

கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியும். மதன்குமார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சிக்கந்தரைப் பார்த்தார். அவர் குரலில் மரியாதை ஒரு படி கூடியிருந்தது. கொங்கு நாட்டில் அஞ்சத்தக்கது அந்தக் கூடுதல் மரியாதைதான்.

"பாய், இது உங்க புள்ளிதானுங்களே?"

வந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இம்முறை பீங்கான் கோப்பையில் வந்திருந்தது.

"தொண்ணூத்தாறுல மில்லு ஒர்க்‌ஷாப்புக்காரங்க இதைக் கழட்டி எங்கியோ வேலைக்குக் கொடுத்தாங்கன்னு அப்பா சொல்லுவாருங்க. எங்கீன்னு இப்பத்தானுங்க தெரியுது," என்றார் மதன்குமார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்க சக்கரம் வந்துருச்சுன்னா நமக்குள்ள ஒண்ணுமில்லீங்க. வரலீன்னா, உங்களுக்கு மாலை போடற மைக்குலயே இதையும் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்குமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. சார் எழுதுனதை அப்படியே படிச்சாப் போதுமுங்க."

மாலை போனால் போகட்டும். ஆனால் சந்து முழுவதும், நாற்பது ஆண்டுகளாக அவரிடம் ஏச்சு வாங்கிய ஊர் முழுவதும், அந்த ஒலிபெருக்கியைக் கேட்கும்.

பந்தயச்சாலையிலிருந்து கடைக்குத் திரும்புவதற்குள்ளாகவே சிக்கந்தருக்கு எல்லாம் துலங்கிவிட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கடை முதலாளியான தாம் தொழுகைக்குப் போகிறவர் என்றாலும், அந்தச் சந்தின் வழக்கப்படி பூஜை அங்கேயும் நடக்கும். பொரி கடலை வாங்கிவருவது சிக்கந்தர், மற்றவற்றைப் பார்த்துக்கொள்வது அவருடைய மெக்கானிக் நரசிம்மலு. அன்று இரண்டு கியர் பாக்ஸ்கள் திறந்து கிடந்தன. ஒன்று மில்லிலிருந்து வந்த எம்.ஜி., மற்றொன்று தொண்டாமுத்தூர் விவசாயி காளிச்சாமியின் அம்பாசிடர். பூஜைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டின் சக்கரங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு தட்டுகளில் பரப்பிச் சாமி படத்துக்கு முன் வைத்தார்கள். தட்டுகளின் விளிம்பில் சாக்பீஸால் எழுதியிருந்த அடையாளம் சந்தன நீர் பட்டு அழிந்தது. சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்த சக்கரங்கள் எல்லாம் ஒரே குடும்பம்போலக் காட்சியளித்தன.

"எதுக்கும் ஒரு தடவை பல்லை எண்ணிப் பாத்துரலாமுங்க பாய்," என்று நரசிம்மலு அன்று சொன்னார்.

அதற்குச் சிக்கந்தர் சொன்ன மறுமொழி மேலே ஏற்கெனவே தரப்பட்டுள்ளது.

அதன்பின் காளிச்சாமி மூன்று முறை கடைக்கு வந்தார். மருதமலைக்குப் போகிற மலைப்பாதையில் மூன்றாவது கியரில் வண்டி இழுக்கவில்லை, முன்பெல்லாம் இழுத்தது என்றார். முதல் முறை சிக்கந்தர் சிரித்தார். இரண்டாம் முறை, எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். மூன்றாம் முறை சந்தில் கூட்டம் இருந்தது.

"வண்டியில குறை இல்லீங்கண்ணா, ஓட்டறவர்கிட்டத்தான் குறை. கிளட்ச்சை மிதிக்கத் தெரியுதுங்களா? தெரியலீன்னா மறுக்கா மாட்டு வண்டியே பூட்டிக்குங்க. அதுல கியரு இல்ல, வாலு மட்டுந்தான்."

சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பு பேருந்து ஏறித் தொண்டாமுத்தூர்வரை சென்று, அங்கேயே தங்கிவிட்டது. மலைப்பாதையில் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறிய காளிச்சாமிக்கு, 'ரெண்டாங்கியர்' என்பது பெயருக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை சிக்கந்தரும் நரசிம்மலுவும் தொண்டாமுத்தூர் சென்றனர். வழி நெடுக நரசிம்மலு எதுவுமே பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருக்கலாம், பேசாதவரை என்ன செய்வது?

தென்னந்தோப்பு ஓரத்துக் கொட்டகையில் அந்த வெள்ளை அம்பாசிடர் நின்றது. காளிச்சாமிக்கு எழுபது வயது கடந்திருந்தது. கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்தவர், சிக்கந்தரைக் கண்டதும் உள்ளே திரும்பி மனைவியை அழைத்தார்.

"பழனாத்தா! வெளிய வா. நமக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்க உக்கடத்துல இருந்து வாத்தியாரு வந்திருக்காரு."

பழனாத்தாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க பாய். மாட்டு வண்டி ஒண்ணும் பூட்டலீங்க. வாங்கறதுக்கு மாடு கெடைக்கல."

சிக்கந்தர் மிகுந்த கனிவோடு, பழைய வாடிக்கையாளர்களின் வண்டிகளை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்க எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார்.

"இருவத்தெட்டு வருசம் கழிச்சுங்களா?" என்றார் காளிச்சாமி. "அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு வருசம் யோசிச்சுட்டு வாங்க."

வேறு வழியின்றி உண்மையைச் சொல்ல நேர்ந்தது. சிக்கந்தர் அதையும் முழுமையாகச் சொல்லவில்லை. "ஒரு சின்ன சந்தேகமுங்க" என்றே தொடங்கினார். நரசிம்மலுதான் வண்டியின் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிளக்குகளைக் கழற்றி, சாக்பீஸுடன் அடியில் புகுந்து, பின்தண்டில் உச்சியை நோக்கிக் கோடு போட்டார். கியரை மூன்றாவதில் போட்டுவிட்டு, முன்புறம் எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹேண்டிலைச் செருகி, சிக்கந்தர் சுற்றினார்.

"மூணு சுத்து. எங்க நிக்குது?"

வண்டிக்கடியிலிருந்து நரசிம்மலுவின் குரல், இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த நிதானத்தோடு வந்தது: "ரெண்டு சுத்துப் போயி, அப்புறம் ரெண்டு மணியவும் தாண்டி நிக்குதுங்க பாய். எம்.ஜி. சக்கரந்தானுங்க. அன்னைக்குப் பல்லை எண்ணியிருந்தாலும் இதேதான் தெரிஞ்சிருக்குமுங்க."

எம்.ஜி. சக்கரம் வேகத்துக்கானது, பாரத்தோடு மேடேற இழுக்காது என்ற விளக்கத்தைக் கேட்டு முடித்த காளிச்சாமி, எழுந்து வந்து தம் வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப, ரேஸ் காருக்குப் போடற சக்கரத்தைப் போட்டுட்டு நானு மூட்டை ஏத்திட்டு மலையேறியிருக்கறேன்."

"ஆமாங்க."

"எனக்கு ஓட்டத் தெரியலீன்னு சொன்னது நீங்க."

"அது... அந்த நேரத்துல..."

"எங்கொழுந்தனாரு கல்யாணத்துல இவரை எல்லாரும் ரெண்டாங்கியருன்னு கூப்புட்டுக் கெக்கலி கொட்டுனாங்க," என்றார் பழனாத்தாள். "இவரு சாப்புடாமயே எந்திரிச்சு வந்துட்டாரு. பந்தியில அன்னைக்கு நல்ல பாயசமுங்க."

சக்கரங்களைத் தந்துவிட்டால் அசல் அம்பாசிடர் சக்கரங்களை உடனே பூட்டித் தருவதாகவும், வண்டி பழையபடி இழுக்கும் என்றும் சிக்கந்தர் சொன்னார். 'தயவுசெய்து' என்ற சொல்லைக்கூட ஒரு முறை பயன்படுத்தினார். அது அவர் வாயிலிருந்து வந்தபோது துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கியதுபோலச் சத்தம் கேட்டது.

"தர்றனுங்க," என்றார் காளிச்சாமி. "ஆனா குறை வண்டிமேலயா எம்மேலயான்னு ஒரு முடிவு தெரியோணும். இந்த வண்டியை நீங்களே ஓட்டுங்க. மருதமலை அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும், மூணாவது கியர்லயே. ஏறலீன்னா வண்டிமேலதான் குறை. சக்கரத்தைக் கழட்டிட்டு நீங்க போலாம். ஏறிருச்சுன்னா எனக்கு ஓட்டத் தெரியலீன்னு நானே ஒத்துக்கறேன். ஆனா வண்டியில இருக்கறது வண்டியிலயே இருக்கட்டுமுங்க."

நரசிம்மலுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிளக்குகளைப் பூட்டும் சாக்கில் சிக்கந்தரின் காதருகே குனிந்தார். "ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க பாய். சும்மா காலைத் தூக்குனீங்கன்னா தானா நின்னுரும். நின்னாத்தான் நமக்கு வேலை முடியும். நிக்க உட்டுருங்க."

"எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியோணுமா?" என்றார் சிக்கந்தர்.

வண்டியின் டிக்கியில் இரண்டு மூட்டை தேங்காய் ஏற்றப்பட்டது. பின்னிருக்கையில் பழனாத்தாளும் நரசிம்மலுவும். முன்னிருக்கையில், பெண் வீட்டுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையின் தகப்பனார்போல வேட்டி மடிப்புக் கலையாமல் காளிச்சாமி.

அடிவாரத்து வளைவைத் தாண்டியதும் பாதை நிமிர்ந்தது. மூன்றாவது கியரில் வண்டி முனகியது. ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. சிக்கந்தர் தம் வலது காலைப் பார்த்தார். அதைச் சற்றே தூக்கினால் போதும். வண்டி நிற்கும், சக்கரம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் மாலை விழும், ஒலிபெருக்கி நல்லதையே சொல்லும். கால் மெல்ல எழத் தொடங்கியது. வண்டி ஒருமுறை குலுங்கியது.

"நின்னுரும்போல இருக்குதுங்களே பாய்," என்றார் காளிச்சாமி, மிக மரியாதையாக. "கிளட்ச்சை மிதிக்கத் தெரியுதுங்களா?"

பின்னிருக்கையில் பழனாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கும் அடுத்த நொடிக்கும் இடையில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சிக்கந்தரால் பிற்காலத்தில் எவருக்கும் விளக்க இயலவில்லை. எழுந்த கால் இறங்கியது. இறங்கியது மட்டுமின்றி ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியது. இடது கால் கிளட்ச்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டது. எஞ்சின் கதறியது.

"பாய்! வேண்டாமுங்க பாய்!" என்று நரசிம்மலு பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பேசாம உக்காரு! எனக்கா ஓட்டத் தெரியாது?"

இரண்டாம் வளைவில் எதிரே இறங்கிவந்த மினிபஸ் ஓட்டுநர் ஒதுங்கி வழிவிட்டார். விட்டிராவிட்டால் வண்டி நின்றிருக்கும். நரசிம்மலு அந்த ஓட்டுநரை வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை. மூன்றாம் வளைவில் கருகிய நாற்றம் எழுந்தது. கிளட்ச் தகடு தீய்கிற நாற்றம் அது என்பதை மூக்கைக் கொண்டே சொல்லத் தெரிந்தவர்களில் முதல்வர் சிக்கந்தர். ஆனால் அப்போது அவருக்கு மூக்கு இல்லை, காது இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தவை முன்னே ஒரு மேடும் பின்னே ஒரு சிரிப்பும் மட்டுமே. இளநீர்க்காரர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்க்க, புகையைக் கக்கியபடி, ஆமையின் வேகத்தில், அம்பாசிடர் மலையுச்சி வாகன நிறுத்தத்துக்குள் ஏறி நின்றது. மூன்றாவது கியரிலேயே.

சிக்கந்தருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வெற்றியின் ஒளியோடு காளிச்சாமியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா! வண்டியில குறை இல்லீங்க!"

சொன்ன பிறகுதான் அவர் காதுகள் திரும்பி வந்தன.

காளிச்சாமி சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை, வேட்டி மடிப்புக் கலையும்வரை, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சிரித்தார். நரசிம்மலு கதவைத் திறந்து இறங்கி, ஒரு கல்லின்மேல் அமர்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏறிருச்சுங்க பாய்," என்றார் காளிச்சாமி, கண்ணைத் துடைத்தபடி. "எனக்கு ஓட்டத் தெரியாது, ஒத்துக்கறனுங்க. ஊருக்குள்ளயும் நானே சொல்லிக்கறேன். சக்கரம் வண்டியிலயே இருக்கட்டும். கிளட்ச்சு தீஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்களே? அதை மட்டும் நீங்களே மாத்திக் கொடுத்துருங்க."

அம்பாசிடரில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸை வெளியே எடுத்தாக வேண்டும். அதை அங்கிருந்த நால்வரும் அறிவர்.

"பயப்படாதீங்க," என்று சேர்த்துக்கொண்டார் காளிச்சாமி. "நானு பக்கத்துலயே கட்டிலைப் போட்டு உக்காந்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். சனிக்கிழமை காலை கொட்டகையில் கயிற்றுக்கட்டில் போடப்பட்டது. சிக்கந்தரும் நரசிம்மலுவும் கியர் பாக்ஸை இறக்கினார்கள். கிளட்ச்சோடு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆயினும், பழனாத்தாளுக்கு ரேஸ் கார் சக்கரத்தைப் பார்க்க ஆசை என்பதால், மூடியையும் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. எண்ணெயில் பளபளத்த அந்தச் சக்கரங்கள் சிக்கந்தரின் உள்ளங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பழனாத்தாள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தானா இத்தனை? எங்க சோமனூரு அண்ணன் ஊட்டுத் தறியில இதைவிடப் பெருசா இருக்குமுங்க."

அந்நேரம் சிக்கந்தரின் கைப்பேசி ஒலித்தது. மதன்குமார்.

"பாய், சக்கரம் கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சுதுங்க. முன்னாலதான் இருக்குது."

"அப்பாடா! எப்ப வருதுங்க?"

சிக்கந்தர் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் மிக மரியாதையாகத் தலையை அசைத்தார், இடமும் வலமும்.

"வராதுங்க தம்பி."

"அப்ப நாளைக்கு நானு சொல்லித்தான் ஆகோணுமுங்க."

"சொல்லுங்க. மைக்கை வாய்க்குக் கிட்டப் புடிச்சுச் சொல்லுங்க. போன வருசம் நீங்க பேசுனது பின்னால உக்காந்திருந்த ஒருத்தருக்கும் கேக்கலீங்க. தகுதியற்ற நபருன்னு அவரு எழுதியிருக்கறாரு பாருங்க, அதை அழுத்திப் படிங்க. பரோட்டாவையும் சேத்துக்குங்க, அவரு அதை உட்டுட்டாரு."

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் மூடியை எடுத்தார். எடுத்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடியும் கீழே வைத்தார். பழைய துணியால் மூன்றாவது கியர்ச் சக்கரத்தைத் துடைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, முழுச்சுற்றும் எண்ணினார். நரசிம்மலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூடி பூட்டப்பட்டது. நரசிம்மலு கேளாமலேயே பஞ்சையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினார். சிக்கந்தர் பெட்டியைச் சாய்த்தார். தொண்ணூற்றாறில் இட்ட மூன்று புள்ளிகள் அடியில் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பஞ்சை வைத்துத் தட்டத் தொடங்கினார்.

"ஒண்ணு," என்றார் காளிச்சாமி, கட்டிலிலிருந்து குனிந்து பார்த்தபடி. "ரெண்டு. மூணு. சரியா இருக்குதுங்க பாய். எண்ணிட்டனுங்க."